நிலத்தடி வெப்பத்தில் வீட்டைச் சூடாக்க, குளிர்விக்க எத்தனை மீட்டர் துளை வேண்டும்? சில ஆண்டுகளில் நிலம் ஓய்ந்துவிடுமா?

கேள்வி மூன்று பகுதியாக வந்திருக்கிறது. நிலத்துக்குள் குழாய் இறக்கி ஹீட் பம்ப் வைத்தால் ஒரு கட்டடத்துக்கு வேண்டிய சூடும் குளிர்ச்சியும் கிடைக்குமா? எவ்வளவு ஆழம் போக வேண்டும்? பத்து வருடத்தில் நிலம் ஓய்ந்துபோகும் என்கிறார்களே, உண்மையா?

கிடைக்கும். ஆழத்துக்கு ஒரே எண் கிடையாது. மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால் இரண்டாவதற்கும் தெரிந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் கழித்துவிடலாம். பூமியின் வயிற்றிலிருந்து மேலே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.065 வாட்தான். 200 சதுர மீட்டர் மனைக்கு மொத்தமே 13 வாட், ஓர் எல்.இ.டி. பல்புக்குச் சரியாக இருக்கும். நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் நாம் எடுப்பது பெரும்பாலும் வெயிலும் மழையும் மேலிருந்து இறக்கி, மண்ணும் பாறையும் பிடித்து வைத்திருக்கும் சூடு. அது ஊற்று மாதிரி தானாகச் சுரந்துகொண்டே இருக்காது. களஞ்சியம் மாதிரி: அள்ளினால் குறையும், பக்கத்திலிருந்து மெதுவாக நிரம்பும், நாமே திருப்பிப் போட்டாலும் நிரம்பும்.

அந்தக் களஞ்சியத்தின் வெப்பநிலை ஏன் நிலையாக இருக்கிறது? மண் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். ஈரமான மண்ணில் சுமார் இரண்டரை மீட்டர் இறங்கினால் ஆண்டு ஏற்ற இறக்கம் மேற்பரப்பில் இருப்பதில் 37 சதவீதமாகச் சுருங்கிவிடும், கிட்டத்தட்ட இரண்டு மாதம் பிந்தியும் வரும். மேலே சராசரிக்கு இருபுறமும் 20 டிகிரி ஆடுகிறது என்றால் இரண்டரை மீட்டரில் ஏழரை டிகிரி, பத்து மீட்டரில் அரை டிகிரிகூட இல்லை. பாரிஸ் வான் ஆய்வகத்தின் நிலவறை 28 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே அங்கே வைத்த வெப்பமானி கோடை, குளிர்காலம் எதற்கும் அசையாமல் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டியது. பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டிய அளவு இருக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு 100 மீட்டருக்கும் மூன்று டிகிரி போலக் கூடும்.

ஹீட் பம்ப் என்பது பெரிய அளவில் செய்த ஃபிரிட்ஜ்தான். எவாப்பரேட்டர், கம்ப்ரசர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு. இவற்றோடு ஒரு ரிவர்சிங் வால்வு இருந்தால் கோடையில் அதே இயந்திரம் வீட்டுச் சூட்டை நிலத்துக்குள் தள்ளும். இதில் விடாமல் பார்க்க வேண்டியது ஏற்றம், அதாவது நிலத்திலிருந்து வரும் வெப்பநிலைக்கும் வீட்டுக்குள் அனுப்பும் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளி. உள்ளே வரும் திரவம் 0 டிகிரி, தரைக்கடியில் ஓடும் தண்ணீர் 35 டிகிரி என்றால் கோட்பாட்டின்படி கிடைக்கக்கூடிய சிஓபி (ஒரு பங்கு மின்சாரத்துக்கு எத்தனை பங்கு வெப்பம் என்ற அளவு) 8.8. நல்ல இயந்திரம் அதில் பாதியை எட்டும், 4.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இயந்திரம் பழைய ரேடியேட்டருக்காக 55 டிகிரி தண்ணீர் தர வேண்டியிருந்தால் கோட்பாட்டு எல்லையே 6, கையில் கிடைப்பது 3. துளை மாறவில்லை, இயந்திரம் மாறவில்லை, மின்செலவு மட்டும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. துளை போடுகிறவரைக் கூப்பிடுவதற்கு முன் அகலமான ரேடியேட்டர் போடுவது, சுவருக்கும் கூரைக்கும் காப்பு போடுவது இரண்டையும் பாருங்கள்.

இனி மீட்டர் கணக்கு. மீட்டருக்கு 50 வாட் என்று எல்லோரும் வாய்ப்பாடு மாதிரிச் சொல்வார்கள். எந்த நிலத்துக்கு, வருடத்துக்கு எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு என்று கேட்டால் பதில் வராது. ஜெர்மன் பொறியாளர் சங்கத்தின் விடிஐ 4640 வழிகாட்டியில் இந்த எண்கள் ஆண்டுக்கு 1,800 மணி நேர ஓட்டத்துக்கு உலர்ந்த மண்ணில் 25, சாதாரணப் பாறையிலும் நீர் நிறைந்த படிவுகளிலும் 60, நன்றாகக் கடத்தும் பாறையில் 84 வாட் என்று போகும். 2,400 மணி நேரம் ஓடினால் அதே எண்கள் 20, 50, 70 ஆகக் குறையும். வாட் எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது ஆண்டு முழுவதும் எடுக்கும் மொத்தச் சூடு.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். உச்சக் குளிரில் 8 கிலோவாட் வேண்டும், ஆண்டுக்கு 1,800 மணி நேர ஓட்டம், மொத்தம் 14,400 யூனிட். சிஓபி 4 என்றால் 8 கிலோவாட்டில் 2 மின்சாரத்திலிருந்து வரும், 6 நிலத்திலிருந்து. மீட்டருக்கு 50 வாட் வைத்தால் 120 மீட்டர் துளை. ஆண்டில் நிலம் தருவது 10,800 யூனிட், மீட்டருக்கு 90. ஓரிரு துளைகள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு மீட்டருக்கு 100 யூனிட் என்பதை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளலாம், எனவே இது தாங்கும். அதே இயந்திரம் கடுங்குளிர்ப் பகுதியில் 3,600 மணி நேரம் ஓடினால்? உச்ச வாட் கணக்குக் கொஞ்சமும் மாறவில்லை. ஆனால் மீட்டருக்கு 180 யூனிட் போகிறது. அந்தத் துளை சில வருடங்களில் உறைநிலைக்கு வெகு கீழே போகும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சிஓபி கூடினால் நிலத்திலிருந்து எடுப்பதும் கூடும். 10 கிலோவாட் வெப்பத்துக்கு சிஓபி 3 இருந்தால் நிலம் தருவது 6.7, சிஓபி 5 இருந்தால் 8. பழைய ஹீட் பம்பைக் கழற்றிப் புதிய, திறன்மிக்க ஒன்றை அதே துளையில் மாட்டினால் துளைக்குப் பளு ஏறுகிறது. இயந்திரம் நல்லதாக இருந்தும் உள்ளே வரும் திரவம் முன்பைவிடக் குளிர்ந்து போகிறதே என்று குழம்புகிறவர்களுக்கு விடை பெரும்பாலும் இதுதான்.

இப்போது ஓய்ந்துபோகும் கதை. மேலே சொன்ன 120 மீட்டர் ஒற்றைத் துளையில் ஆண்டுச் சராசரி மீட்டருக்கு 10 வாட் போல எடுக்கிறோம். பாறையின் வெப்பக் கடத்துதிறன் (ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு வாட் கணக்கில்) 2.3 என்று வைத்துக் கணக்குப் போட்டால், முதல் ஆண்டு முடிவில் துளைச் சுவரின் வெப்பநிலை இயல்பிலிருந்து மூன்றரை டிகிரி இறங்கியிருக்கும். அடுத்த 24 ஆண்டுகளில் இன்னும் ஒரு டிகிரி. அவ்வளவுதான். சுற்றியுள்ள நிலம் எல்லாப் பக்கமிருந்தும் சூட்டை ஈந்து, இறக்கம் மெல்ல மெல்ல நின்றுவிடும். ஆக ஒற்றை வீட்டுக்குச் சரியாகக் கணக்கிட்ட துளை ஓய்ந்துபோகாது.

பல துளைகள் சேர்ந்தால் கதையே வேறு. நடுவில் இருக்கும் துளைக்குப் பக்கத்திலிருந்து வர வேண்டிய சூட்டை அண்டைத் துளை ஏற்கெனவே எடுத்துவிட்டது. ஓர் அலுவலகக் கட்டடம், 100 மீட்டர் ஆழத்தில் 40 துளைகள், இடைவெளி 6 மீட்டர். ஆண்டுக்குக் குளிர்ச்சி 2,00,000 யூனிட், சூடு 80,000 யூனிட். குளிர்விக்கும்போது கம்ப்ரசரின் மின்சாரமும் சூடாகி நிலத்துக்குள்தான் போகும். சிஓபி 5 என்றால் உள்ளே தள்ளுவது 2,40,000. சூடாக்கும்போது மின்சாரம் நிலத்தின் பங்கைக் குறைக்கும். சிஓபி 4 என்றால் எடுப்பது 60,000 மட்டும். மிச்சம் 1,80,000 யூனிட் வருடந்தோறும் நிலத்துக்குள் தங்குகிறது. ஒரு துளைக்கு உரிய நிலம் 3,600 கன மீட்டர், அதை ஒரு டிகிரி ஏற்ற 2,300 யூனிட் போல வேண்டும். 40 துளைக்கு 92,000. அப்படியானால் வருடத்துக்கு இரண்டு டிகிரி! விளிம்பு வழியாகவும் மேற்பரப்பு வழியாகவும் வெளியேறுவது போக உண்மையில் இதைவிடக் குறைவாகத்தான் ஏறும். ஆனாலும் ஐந்தாறு வருடத்தில் ஏசி திணறுவது தெரியும். நிலத்தடி நீர் ஓடிக்கொண்டிருக்கும் இடமென்றால் தப்பிக்கலாம். நீர் அந்தச் சூட்டை அடித்துச் சென்றுவிடும்.

தீர்வு கூடுதல் துளை இல்லை. அடிப்படைப் பளுவுக்கு மட்டும் நிலத்தைப் பயன்படுத்தி, உபரிச் சூட்டைக் கூலிங் டவரிலோ டிரை கூலரிலோ வெளிக்காற்றில் கழிக்க வேண்டும். குளிர்ந்த இரவுகளில் அதை ஓட்டி நிலத்தையே குளிரவைத்துக்கொள்ளலாம். சூடாக்கலே அதிகமுள்ள கட்டடத்தில் இதற்கு நேர்மாறாகக் கோடையில் சோலார் கலெக்டரின் சூட்டைத் துளைக்குள் அனுப்பலாம்.

சரி, துளையைத் திறந்து பார்ப்போம். விட்டம் 130 மி.மீ. என்று வையுங்கள். உள்ளே பிஇ 100 ரக பாலிஎதிலீனில் செய்த, எஸ்டிஆர் 11 தடிமனுள்ள (சுவர் விட்டத்தில் பதினொன்றில் ஒரு பங்கு) 40 மி.மீ. குழாய், அடியில் தொழிற்சாலையிலேயே வெல்ட் செய்த யூ வளைவு. தளத்தில் வெல்ட் செய்த வளைவை ஒப்புக்கொள்ளாதீர்கள். இறக்குவதற்கு முன் ஒரு பிரஷர் டெஸ்ட், இறக்கிய பின் ஒன்று, கிரவுட் (குழாய்க்கும் துளைச் சுவருக்கும் இடையை நிரப்பும் கலவை) போட்ட பின் ஒன்று. குழாயில் தண்ணீர் நிரப்பித்தான் இறக்க வேண்டும். காலிக் குழாய் நீருள்ள துளையில் மிதக்கும். கிரவுட்டின் அடர்த்தி தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு என்றால் 100 மீட்டர் அடியில் வெளியே 15 பார், உள்ளே தண்ணீரால் 10 பார். அந்த 5 பார் வித்தியாசம் குழாயை நசுக்கிவிடாமல் இருக்க, கிரவுட் இறுகும்வரை உள்ளே அழுத்தம் கொடுத்து வால்வை மூடி வைக்கிறார்கள்.

கிரவுட் மேலிருந்து ஊற்றும் விஷயமே இல்லை. தனிக் குழாயை அடிவரை இறக்கி, கீழிருந்து மேலாகப் பம்ப் செய்து, உள்ளே போன அதே அடர்த்தியில் கலவை மேலே வழியும்வரை நிறுத்தக் கூடாது. இந்த அளவுள்ள துளைக்கு 100 மீட்டருக்கு 1.1 கன மீட்டர் கலவை பிடிக்கும். அதைவிடக் குறைவாகவே தீர்ந்தால் எங்கோ வெற்றிடம் இருக்கிறது. இரண்டு மடங்கு போயும் நிரம்பவில்லை என்றால் பிளவுக்குள் ஓடுகிறது. எத்தனை மூட்டை, எத்தனை லிட்டர் தண்ணீர் என்று பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ளுங்கள்; பின்னால் அந்தக் குழிக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது.

கிரவுட் ஏன் இவ்வளவு முக்கியம்? வெறும் பெண்டோனைட் களிமண்ணின் கடத்துதிறன் 0.7 போல. குவார்ட்ஸ் மணலோ கிராஃபைட்டோ கலந்தால் 1.5 முதல் 2 வரை போகும். நன்றாகச் செய்த துளையில் திரவத்துக்கும் துளைச் சுவருக்கும் இடையிலான தடை மீட்டருக்கு 0.1 அலகு, மீட்டருக்கு 50 வாட் எடுக்கும்போது அங்கேயே 5 டிகிரி இழக்கிறோம். மோசமான கிரவுட்டில், இரண்டு குழாயும் ஒட்டிக்கொண்டு நின்றால், தடை 0.2. இழப்பு 10 டிகிரி. நிலத்தின் 25 ஆண்டு இறக்கமே நாலரை டிகிரிதான் என்று மேலே பார்த்தோம். அரை நாளில் செய்யும் கிரவுட் வேலை அதைவிடப் பெரிய சேதம் செய்யும். கெட்டிப் பாறையில் நிலத்தடி நீர் மேலாக நிற்கும் இடங்களில், ஸ்வீடன் போல, கிரவுட்டே போடாமல் தண்ணீரை நிரம்பவிடும் வழக்கமும் உண்டு. அதை மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக இருக்கும் இடத்தில் செய்தால் மேலுள்ள அழுக்கு நீர் கீழுள்ள நல்ல நீரில் கலக்கும்.

தப்பான இடத்தில் துளை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் ஸ்டவுஃபென் நகரம் சாட்சி. 2007இல் நகர்மன்றக் கட்டடத்துக்காக 140 மீட்டர் வரை ஏழு துளைகள் போட்டார்கள். அழுத்தத்தில் இருந்த நிலத்தடி நீர் மேலேறி அன்ஹைட்ரைட் என்ற நீரற்ற கால்சியம் சல்ஃபேட் படலத்தை நனைத்தது. நனைந்த அன்ஹைட்ரைட் ஜிப்சமாக மாறி 60 சதவீதம் வரை உப்பும். ஊரின் மையமே மேலெழும்பி 200க்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் விட்டன. புவியியல் அறிக்கைக்குக் காசு செலவழிக்கத் தயங்குகிறவர்கள் இதை ஒரு முறை படிக்க வேண்டும்.

பத்துக்கு மேற்பட்ட துளைகள் என்றால் வெப்ப மறுமொழிச் சோதனை (நிலம் எவ்வளவு நன்றாக வெப்பம் கடத்தும் என்று அளப்பது) செய்யாமல் வடிவமைக்காதீர்கள். ஒரு சோதனைத் துளை, கிரவுட் போட்டு ஐந்து நாள் விட வேண்டும். சிமெண்ட் இறுகும்போது வரும் சூடு அடங்கட்டும். முதலில் ஹீட்டர் போடாமல் தண்ணீரைச் சுழற்றி இயல்பு வெப்பநிலையைப் பார்ப்பது. பிறகு மாறாத சக்தியில் குறைந்தது 48 மணி நேரம் சூடேற்றுவது. சராசரி வெப்பநிலையை நேரத்தின் இயல் மடக்கைக்கு எதிராக வரைந்தால் முதல் பத்துப் பதினைந்து மணி நேரத்துக்குப் பிறகு நேர்கோடு வரும். 100 மீட்டர் துளை, 6,000 வாட், கோட்டின் சாய்வு 2.1 என்றால்: 6,000ஐ 4π, 100, 2.1 மூன்றின் பெருக்கலால் வகுக்க 2.27. அதுதான் அந்த நிலத்தின் கடத்துதிறன். ஜெனரேட்டர் மின்னழுத்தம் ஆடினாலோ, மேற்பரப்புக் குழாய்க்குக் காப்புப் போடாமல் வெயிலில் விட்டாலோ கோடு நெளியும். அந்த எண்ணைத் தூக்கிப் போடுங்கள்.

அடுத்து திரவம். உறைநிலைக்கு அருகே போகுமானால் தண்ணீரில் 25 சதவீதம் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற உறையாமல் காக்கும் திரவம். நம் 120 மீட்டர் துளையில் 240 மீட்டர் குழாய், மீட்டருக்கு 0.83 லிட்டர், மொத்தம் 200 லிட்டர். அதில் 50 லிட்டர் கிளைக்கால். கூடக் கொஞ்சம் ஊற்றினால் பத்திரம் என்று நினைக்கக் கூடாது. குளிரில் அது தடித்து, பம்பின் மின்சாரத்தைத் தின்னும், ஓட்டமும் கொந்தளிப்பிழந்து வெப்பம் வாங்குவதை நிறுத்தும். 6 கிலோவாட்டுக்கு 4 டிகிரி வித்தியாசத்தில் நொடிக்கு 0.38 லிட்டர் வேண்டும். ஒற்றைத் துளையில் இது கொந்தளிப்பாக ஓடும், ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் கொந்தளிக்கிறதா, சீராகப் போகிறதா என்று காட்டும் அளவு) 3,000க்கு மேல். அதையே 60 மீட்டர் துளை இரண்டாகப் பிரித்து இணையாக இணைத்தால் ஒவ்வொன்றிலும் பாதி ஓட்டம், எண் 2,300க்குக் கீழே, சீரோட்டம். மொத்த மீட்டர் ஒன்றேதான், கிடைக்கும் சூடு குறைவு.

காற்றை வெளியேற்றக் குழாயில் நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் வேண்டும். மேலே சொன்ன ஓட்டத்தில் வேகம் 0.45தான். ஆகவே வீட்டுச் சுழற்சிப் பம்பால் காற்றைத் துரத்த முடியாது. திறந்த தொட்டியோடு தனி ஃப்ளஷிங் பம்ப் கொண்டுவந்து, குமிழி நிற்கும்வரை இரு திசையிலும் ஓட்ட வேண்டும். ஒரு வாரம் கழித்து ஸ்ட்ரெய்னரை, அதாவது வடிகட்டியை, திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் சீவலும் மண்ணும் கட்டாயம் இருக்கும்.

துளைக்கு மாற்று உண்டு. இடம் நிறைய இருந்தால் 1.2 முதல் 1.5 மீட்டர் ஆழத்தில் கிடைக்குழாய். உலர்ந்த மணலில் சதுர மீட்டருக்கு 10 வாட்தான், ஈரக் களிமண்ணில் 25. 6 கிலோவாட்டுக்கு முன்னதில் 600, பின்னதில் 240 சதுர மீட்டர். அதன் மேலே கான்கிரீட் தளம் போடாதீர்கள். மழையும் வெயிலும் இறங்கினால்தான் அது நிரம்பும். குழாயைச் சுற்றி மண் உறைவது தவறில்லை, அஸ்திவாரத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் பக்கத்தில் உறைவதுதான் தவறு. கிணற்று நீரை நேராக எடுத்து இன்னொரு கிணற்றில் விடும் முறை, நீர் நல்லதாக இருந்தால், எல்லாவற்றையும்விடச் சிக்கனம்; 4 டிகிரி வித்தியாசத்தில் ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு 215 லிட்டர் போதும். இரும்பும் மாங்கனீசும் உள்ள நீரில் காற்றுப் பட்டதும் செம்மண் நிறச் சேறு படிந்து திரும்பு கிணறு அடைத்துக்கொள்ளும். நீர்ப் பகுப்பாய்வு பார்க்காமல் இதில் இறங்க வேண்டாம்.

ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் பகுதிகளுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்றும் கேட்பார்கள். அங்கே நிலமே 27, 28 டிகிரி. வெறும் தண்ணீரைச் சுழற்றி அறையைக் குளிர்விக்க முடியாது, கம்ப்ரசர் ஓடியே ஆக வேண்டும். சூடு திரும்ப எடுக்கும் பருவமும் இல்லை, உள்ளே தள்ளுவது தள்ளுவதுதான். துளையிலிருந்து வரும் நீர் 33, 34க்கு ஏறிய பிறகு வெளிக்காற்றைவிட ஆதாயம் சொற்பம். சுடுநீர் நிறையச் செலவாகும் விடுதி, மருத்துவமனை போன்ற இடமென்றால் அந்தச் சூட்டை முதலில் தண்ணீருக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்போது கணக்கு நேராகும். இல்லையென்றால் அந்தப் பணத்தை நிழலுக்கும் கூரைக் காப்புக்கும் நல்ல இன்வெர்ட்டர் ஏசிக்கும் போடலாம்.

குளிர்காலமும் கோடையும் உள்ள இடத்தில் கோடையில் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு 14, 15 டிகிரி துளை நீரை வெப்பமாற்றி வழியாகத் தரைக்குழாயோடு இணைத்துக் குளிர்விக்கலாம், பம்பின் மின்சாரம் மட்டும் செலவு. தரையின் வெப்பநிலை பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கீழே போனால் தரை வியர்க்கும். ஈரப்பத உணரி ஒன்றை வைத்து, தரைக்குப் போகும் நீரைப் பனிநிலைக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலேயே நிறுத்த வேண்டும்.

ஏற்கெனவே போட்டிருக்கிறீர்கள், மின்கட்டணம் ஏறுகிறது என்றால் இரண்டு வெப்பமானி போதும்: துளையிலிருந்து வரும் குழாயில் ஒன்று, துளைக்குப் போகும் குழாயில் ஒன்று. கம்ப்ரசர் அரை மணி நேரம் ஓடிய பிறகு பாருங்கள். வித்தியாசம் 3 முதல் 5 டிகிரி இருக்க வேண்டும். 7, 8 என்று காட்டினால் ஓட்டம் குறைவு: ஸ்ட்ரெய்னர், காற்று, பம்ப் என்ற வரிசையில் தேடுங்கள். வித்தியாசம் சரியாக இருந்து, வரும் திரவம் மட்டும் சென்ற ஆண்டு இதே மாதத்தைவிட ஒரு டிகிரிக்கு மேல் இறங்கியிருந்தால் எடுப்பு அதிகம், அல்லது துளைகள் நெருக்கம். இரண்டுமே சரி, கட்டணம் மட்டும் கூடுகிறதா? துணை மின்ஹீட்டரின் மணிக்கணக்கியைப் பாருங்கள். கம்ப்ரசர் அலாரத்தில் நின்றுவிட்டு, ஹீட்டர் மட்டும் வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பது உண்டு. வீடு சூடாகவே இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை.